இரண்டு ஏக்கர் எண்ணெய் மில்லுக்குள் சால்வென்ட் பிளான்ட் வைக்கலாமா?

கேள்வி: காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. தினமும் 20 டன் கொப்பரை ஆட்டுகிறோம். களம், குடோன், எக்ஸ்பெல்லர் ஷெட், பாய்லர் எல்லாம் சேர்த்து 2 ஏக்கர் 20 சென்ட். புண்ணாக்கோடு 8 சதவீத எண்ணெய் வெளியே போகிறது. அதை எடுக்க, தினம் 50 டன் புண்ணாக்கு ஓட்டும் சால்வென்ட் பிளான்ட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. களத்தை ஒட்டி 60 சென்ட்டில் போட்டுவிடலாம் என்கிறார் புரோக்கர். அடுத்து 15 டன் ரிஃபைனரியும் போடும் எண்ணம் இருக்கிறது. வடக்கே பக்கத்துத் தோட்டத்துக் கிணறு, தெற்கே பஞ்சாயத்து ரோடு. பாய்லர் சாம்பல் வந்து விழுகிறது என்று தோட்டத்துக்காரர்களுக்கு ஏற்கெனவே சடவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி தருமா? பாதுகாப்புக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

அந்த 60 சென்ட்டில் சால்வென்ட் பிளான்ட் வைக்காதீர்கள். புரோக்கருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். வாரியம் அனுமதி தருமா என்று கேட்கிறீர்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இடம் தாங்குமா என்று. உங்கள் இடம் தாங்காது. இதே யோசனை உங்கள் வட்டாரத்தில் வேறு பல மில்காரர்களுக்கும் இருக்கிறது என்பதால் காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

இத்தனை வருடம் நீங்கள் பழகிய ஆபத்துகள் கண்ணுக்குத் தெரிந்தவை. பெல்ட்டில் கை மாட்டலாம், மூட்டை அட்டி சரியலாம், எண்ணெய்த் தரையில் கால் வழுக்கலாம். சால்வென்ட் பிளான்ட்டில் புண்ணாக்கைக் கழுவி எண்ணெய் எடுப்பது ஹெக்ஸேன். பெட்ரோலியத்திலிருந்து வருகிற, நிறமில்லாத திரவம். 63 முதல் 69 டிகிரிக்குள் கொதித்துவிடும். தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விட அதற்குச் சூடே வேண்டாம், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் வைத்தாலும் விடும். அப்படியானால் மார்கழி விடியற்காலையிலும் சித்திரை மதியத்திலும் அது ஒரே மாதிரி ஆபத்துதான். அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். புகை போல மேலே கலைந்து போகாமல் தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி ஓடும். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் ஹெக்ஸேன் முழுக்க ஆவியானால், பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆள் உயரம் வரைக்கும் உள்ள காற்றைத் தீப்பிடிக்கும் காற்றாக்க அது போதும். 50 டன் பிளான்ட்டில் ஆயிரக்கணக்கான லிட்டர் எந்த நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் 1981 பிப்ரவரி 13 அன்று நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்பார்கள். ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்ஸேன் பாதாளச் சாக்கடைக்குள் போய்விட்டது. ஆலையில் தீ இல்லை, சத்தம் இல்லை. ஆவி சாக்கடைக் குழாய் வழியே ஊருக்கு அடியில் பரவியது. விடியற்காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களின் காரிலிருந்து ஒரு பொறி. இரண்டு மைலுக்கு மேல் தெரு வெடித்துப் பிளந்தது. அதிகாலை என்பதால் ஒருவரும் சாகவில்லை. பிளான்ட்டுக்குள் எத்தனை காவல் போட்டாலும், வடிகால் ஒன்று திறந்திருந்தால் ஆபத்து வேலியைத் தாண்டி ஊருக்குள் போய்விடும் என்று காட்டிய விபத்து அது.

அதனால்தான் இந்தத் தொழிலில் தூரத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பார்கள். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட, உலகம் முழுக்கப் புழங்குகிற என்.எஃப்.பி.ஏ. 36 என்ற விதித்தொகுப்பு சால்வென்ட் பிளான்ட்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. புண்ணாக்கை ஹெக்ஸேனில் கழுவும் எக்ஸ்ட்ராக்டர் இருக்கும் இடத்தைச் சுற்றி 50 அடிக்கு வேலி போட்ட தடைப் பகுதி, அதற்கு வெளியே இன்னும் 50 அடிக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆக நாலு பக்கமும் 100 அடி, ஏறத்தாழ 30 மீட்டர். கட்டடம் சிறியது, 15 மீட்டருக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி 30 மீட்டர் விட்டால் 75-க்கு 80, அதாவது 6,000 சதுர மீட்டர். ஒன்றரை ஏக்கர் அதற்கே போய்விடுகிறது. அதற்குள் பாய்லர் தீ கூடாது, வெல்டிங் கூடாது, சாதாரண மோட்டார் கூடாது, தொழிலாளி குடியிருப்பு கூடாது, வண்டி நிற்கக் கூடாது. உங்கள் 60 சென்ட்டில் வேலி பஞ்சாயத்து ரோட்டில் வந்து நிற்கும். உங்கள் பாய்லரும் களமும் தடைப் பகுதிக்குள்ளேயே விழுந்துவிடும். ரோட்டில் பீடி பற்றவைத்துக்கொண்டு போகிறவரை நீங்கள் எப்படித் தடுப்பீர்கள்?

அடுத்து, எவ்வளவு புண்ணாக்கு இருக்கிறது என்று பாருங்கள். 20 டன் கொப்பரையில் உங்களுக்குக் கிடைப்பது 7 டன் புண்ணாக்கு. 8 சதவீத எண்ணெயை 1 சதவீதத்துக்கு இறக்கினாலும் ஒரு நாளைக்கு அரை டன் எண்ணெய்கூட முழுசாக வராது. பிளான்ட்டோ 50 டன். மீதி 43 டன்னை மற்ற மில்களில் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை மறுபடி ஏற்றி அனுப்ப வேண்டும். போக்குவரத்தாக மட்டும் தினம் 90 டன் சரக்கு அந்தப் பஞ்சாயத்து ரோட்டில் ஏறி இறங்கும். சால்வென்ட் பிளான்ட்டை எக்ஸ்பெல்லர் மாதிரி சாயங்காலம் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது, மூன்று ஷிப்ட்டும் ஓட வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு இரவுச் சத்த வரம்பு 45 டெசிபல். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் படுத்திருப்பவருக்கு உங்கள் ஃபேனும் கன்வேயரும் இரவெல்லாம் கேட்கும்.

ஹெக்ஸேன் இழப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல பிளான்ட்டாக இருந்தாலும் கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் பிண்ணாக்கில் ஒட்டிக்கொண்டு போகும். பழைய பிளான்ட்டில் டன்னுக்கு 4 லிட்டர் போகிறது என்று வைத்தால் 50 டன்னுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர். அது உங்கள் காசு, தோட்டத்துக்காரர் சுவாசிக்கிற காற்றும் அதுதான். உள்ளே வேலை செய்கிறவர் உடம்புக்கு வேறு கேடு செய்யும். ஹெக்ஸேனைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு கெட்டு, கை விரலும் கால் விரலும் மரத்துப்போகும், பிறகு பிடிமானம் குறையும். ஜப்பானில் 1960-களில் செருப்புத் தயாரிப்பில் ஹெக்ஸேன் கலந்த பசையோடு வேலை செய்தவர்களிடம் இது கண்டறியப்பட்டது. யாராவது பிளான்ட் விற்க வந்தால் நான் முதலில் கேட்பது ஹெக்ஸேன் வாங்கிய ரெஜிஸ்டரையும் ஆட்டிய டன் கணக்கையும்தான். ஒன்றை ஒன்றால் வகுத்தால் அந்த பிளான்ட்டின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். ரெஜிஸ்டர் இல்லை என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் புரோக்கர் சொல்கிற பழைய பிளான்ட்டில் எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. ஹெக்ஸேன் ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரின் ட்யூப், எக்ஸ்ட்ராக்டரின் அடித்தகடு, பிண்ணாக்கில் ஒட்டிய ஹெக்ஸேனை ஆவியாக்கி எடுக்கும், டி.டி. என்று நாம் சொல்லும் டீசால்வென்டைசரின் தட்டுகள், இவையெல்லாம் உள்ளே அரித்துப் போயிருந்தாலும் வெளியே பெயின்ட் அடித்தால் தெரியாது. தகட்டுக் கனத்தை அல்ட்ராசானிக் மீட்டர் வைத்து அளக்காமல், அழுத்தச் சோதனை செய்யாமல் வாங்கவே கூடாது. தீப்பொறி வெளியேறாத மோட்டார், ஸ்விட்ச், விளக்கு இவற்றுக்குச் சான்றிதழ் கேளுங்கள். பழைய பிளான்ட்டைப் பிரித்து ஏற்றும்போது அந்த மோட்டார்களைத் தனியாக விற்றுவிட்டு சாதாரண மோட்டாரைப் பொருத்தி அனுப்புவது நடக்கிறது.

சரி, ஊருக்கு வெளியே தனியாக நான்கு, ஐந்து ஏக்கர் வாங்கி, இரண்டு மூன்று மில்காரர்கள் சேர்ந்து முறையாகப் போட்டால்? அது நல்ல யோசனை, அதற்கு நான் எதிரி இல்லை. அப்போது இன்ஜினீயரிடம் நீங்களே கேட்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நம் ஊரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. கூலிங் வாட்டர் பம்ப் நின்றால் கண்டென்சர் குளிராது. கண்டென்சர் குளிராவிட்டால் கொதிக்கிற ஹெக்ஸேன் ஆவி அடங்க இடமில்லாமல் வென்ட் வழியே வெளியே கொட்டும். அதனால் கரண்ட் போன நொடியிலேயே ஸ்டீம் தானாக மூட வேண்டும். பம்ப் இல்லாமல் மேல் டாங்கியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிக் கண்டென்சருக்குள் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். ஜெனரேட்டர் எடுக்கிற அந்த இடைவெளிதான் ஆபத்து. அது ஸ்டார்ட் ஆகாத நாளும் வரும்.

வடிகாலை வரைபடத்தில் பேனா வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண்டென்சரிலிருந்து வரும் தண்ணீரும் ஹெக்ஸேனும் செப்பரேட்டரில் பிரியும், ஹெக்ஸேன் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் போகும். அந்தத் தண்ணீரை அப்படியே விட்டுவிடக் கூடாது. இன்னொரு பாத்திரத்தில் 90 டிகிரிக்குக் கிட்டே காய்ச்சி, ஒட்டியிருக்கும் ஹெக்ஸேனை எழுப்பி எடுத்த பிறகுதான் வெளியே விட வேண்டும். அங்கே ஒரு தெர்மாமீட்டரும், சூடு குறைந்தால் வால்வை மூடும் ஏற்பாடும் இருக்க வேண்டும். அதற்கப்புறமும் ஒரு தொட்டியில் தடுப்புச் சுவர் வைத்து, மேலே மிதப்பது எதுவும் தாண்டாதபடி செய்ய வேண்டும். மழைத்தண்ணீர்க் கால்வாய் இதோடு எங்கேயும் சேரக் கூடாது. லூயிவில்லில் ஊரைப் பிளந்தது வடிகால் வழியாகப் போன ஹெக்ஸேன்தான்.

ஓடுகிற பிளான்ட்டைவிட நிறுத்திய பிளான்ட் பயங்கரம். ரிப்பேருக்கு நிறுத்தும்போதும் மறுபடி கிளப்பும்போதும்தான் காற்றும் ஆவியும் கலக்கும், வெல்டிங் ராடும் அப்போதுதான் உள்ளே வரும். முழுக்க ஸ்டீம் விட்டு ஆவியை விரட்ட வேண்டும். ஹெக்ஸேன் போகும் குழாயில் வால்வை மூடினால் மட்டும் போதாது, ஃப்ளேஞ்சைக் கழற்றி நடுவில் வழியை அடைக்கும் பிளைண்ட் தட்டு சொருக வேண்டும். மிச்ச ஆவியை மீட்டரில் அளந்து, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பெர்மிட் இல்லாமல் வெல்டர் உள்ளே நுழையக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். முதலாளி அவசரப்பட்டால் இது எதுவும் நடக்காது. அதனால் இந்த விதியை முதலில் உங்களுக்கே போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் வடமாநிலத் தொழிலாளிகள் வேலை செய்தால், அந்த பெர்மிட்டும் எச்சரிக்கைப் பலகையும் இந்தியிலும் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பாஷையில் வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்துக்கு சால்வென்ட் பிளான்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அது இன்றைக்கே உங்கள் மில்லில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஆந்திரத்தின் காக்கிநாடா மாவட்டத்தில், ஜி.ராகம்பேட்டையில் உள்ள சமையல் எண்ணெய் ஆலை ஒன்றில் டாங்கியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஏழு பேர் மூச்சடைத்து இறந்தார்கள். ஒரே டாங்கியில் ஏழு பேர். இப்படிப்பட்ட சாவுகளில் முதலில் இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இரண்டாமவர் குதிப்பார், அவரைத் தூக்க மூன்றாமவர். உங்கள் எண்ணெய் டாங்கியின் அடிக்கசடு புளித்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மேன்ஹோல் இரண்டையும் முந்தின நாளே திறந்துவிட்டு, ப்ளோயர் வைத்துக் காற்றடிக்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குகிறவர் உடம்பில் ஹார்னஸ், அதன் கயிறு வெளியே இருப்பவர் கையில். வெளியே நிற்பவர் என்ன நடந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது, கயிற்றை இழுத்துத்தான் தூக்க வேண்டும். மீட்டர் விலை உங்கள் ஒரு லோடு எண்ணெயில் ஒரு சிறு பகுதி. இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

குடோன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எண்ணெயும் ஈரமும் சேர்ந்த புண்ணாக்கு அட்டிக்குள்ளேயே சூடேறும், கவனிக்காவிட்டால் நடு அட்டியில் கனியும். சரக்கு அதிகமானால் அட்டி உயரும், அட்டி உயர்ந்தால் சூடு வெளியேறாது. நீளமான இரும்புக் கம்பியை அட்டியின் நடுவரை குத்தி, கால் மணி நேரம் விட்டு உருவித் தொட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நல்ல வழக்கம்தான். அதையே தெர்மாமீட்டர் கம்பியாக்கி, தேதி போட்டு எழுதி வையுங்கள். சால்வென்ட் பிண்ணாக்கில் இதற்கு மேல் ஒட்டியிருக்கும் ஹெக்ஸேனும் சேரும். டி.டி.யில் சரியாக ஆவி போகாத பிண்ணாக்கை மூடிய குடோனில் கொட்டினால், குடோனே எக்ஸ்ட்ராக்டர் ஆகிவிடும்.

ரிஃபைனரியைப் பற்றி. இயந்திரத்தைவிட அங்கே கழிவுதான் தலைவலி. எண்ணெயின் அமிலத்தைக் காஸ்டிக் சோடா போட்டு எடுத்தால் சோப் ஸ்டாக் என்ற சோப்புக் கழிவு வரும். அதை சல்பூரிக் அமிலம் விட்டு உடைத்தால் ஆசிட் ஆயில் கிடைக்கும், விலைக்கும் போகும். ஆனால் அந்த வேலையில் மிஞ்சும் தண்ணீர் அமிலமும் சல்பேட் உப்பும் நிறைந்தது. கரைந்த உப்பு மொத்தமாக லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல், எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிலத்தில் விடக் கூடாது. உடைத்த தண்ணீர் இதற்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் வட்டாரத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறியதை நீங்கள் பார்த்தவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நொய்யல் பாசன விவசாயிகள் விடாமல் போராடியதால்தான். சோப் ஸ்டாக்கை உங்கள் இடத்தில் உடைக்காதீர்கள். முறையான அனுமதி உள்ள சோப்பு அல்லது ஆசிட் ஆயில் கம்பெனிக்கு அப்படியே விற்றுவிடுங்கள். விலை குறைவாகத்தான் கிடைக்கும். கிணறு கெட்டால் அதை எந்த விலைக்கும் திரும்ப வாங்க முடியாது. காஸ்டிக்கே இல்லாமல், வெற்றிடத்தில் ஸ்டீம் விட்டு அமிலத்தை எடுக்கும் ஃபிசிக்கல் ரிஃபைனிங் முறை தேங்காய் எண்ணெய்க்குப் பொருந்தும். டிசைன் பேசும்போது இதைக் கேளுங்கள்.

எண்ணெய் வெளுக்கப் போடும் ப்ளீச்சிங் எர்த் வெளியே வரும்போது எண்ணெய் குடித்த சூடான மண். காற்றுப் பட்டால் தானாகவே புகைய ஆரம்பிக்கும். சாக்கு, புண்ணாக்கு, தேங்காய்த் தொட்டி இவற்றுக்குப் பக்கத்தில் ஒருபோதும் கொட்ட வேண்டாம். தனியாக, நனைத்து, மூடி வைத்து, சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும்.

அனுமதிகளை வரிசையாகச் சொல்கிறேன். நில வகைப்பாடு முதலில். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவுவதற்கான இசைவு, கட்டி முடித்த பின் இயக்குவதற்கான இசைவு. விரிவாக்கம் என்றாலும் புதிதாக வாங்க வேண்டும், பழைய இசைவில் இதை ஓட்டக் கூடாது. ஹெக்ஸேன் ஏ வகுப்புப் பெட்ரோலியம் என்பதால் டாங்கிக்கு, மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் வரைபட ஒப்புதல், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. இவற்றை வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவர் தளவரைபடத்தில் தூரத்தை மீட்டரில் குறிக்காமல் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போதைக்கு நான் சொல்லும் வழி இது. இருக்கும் எக்ஸ்பெல்லர்களில் வார்மும் (அழுத்தும் திருகு) கேஜ் பாரும் (அதைச் சுற்றியுள்ள கம்பிகள்) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கொப்பரை ஈரத்தையும், ஆட்டுவதற்கு முன் அதைச் சூடாக்கும் கெட்டிலின் சூட்டையும் சரிசெய்து, இரண்டாம் முறை ஆட்டினால் 8 சதவீதம் 6-க்கு இறங்க வாய்ப்பு உண்டு. மீதி எண்ணெயுள்ள புண்ணாக்கை ஏற்கெனவே ஓடும் சால்வென்ட் பிளான்ட்டுக்கு, எண்ணெய் சதவீதத்துக்கு ஏற்ற விலை பேசி விற்கலாம். மிச்சமாகும் முதலீட்டில் ஒரு பங்கை பாய்லருக்குப் போடுங்கள்.

தோட்டத்துக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கவலை தெரிகிறது. விரிவாக்கத்தைப் பற்றி வாயே திறப்பதற்கு முன் சாம்பலை நிறுத்துங்கள். புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் மல்டி சைக்ளோன் வைத்து, அதற்கடுத்து வெட் ஸ்க்ரப்பரோ பேக் ஃபில்டரோ போட்டால் வேட்டியில் கரி விழுவது நின்றுவிடும். பிறகு உங்கள் போர்வெல், வடக்குத் தோட்டத்துக் கிணறு, இன்னும் இரண்டு கிணறுகள் என்று தண்ணீர் எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபில் உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் சி.ஓ.டி. பார்த்து, அறிக்கையின் நகலை அந்தந்தத் தோட்டத்துக்காரர் கையிலேயே கொடுங்கள். அவர்களையும் நிற்க வைத்துக்கொண்டே மாதிரி எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதையே திரும்பச் செய்யுங்கள். நாளைக்கு ஏதாவது கெட்டால் உங்களால் வந்ததா என்று அந்தக் காகிதம் சொல்லும். உங்களால்தான் என்றால் அதையும் சொல்லும், அப்போது நீங்கள் சரிசெய்தாக வேண்டும்.

தனி இடம் பார்த்துவிட்டீர்கள் என்றால், எல்லையும் கிணறும் ரோடும் வீடும் மீட்டர் அளவோடு குறித்த ஒரு ஸ்கெட்ச், வருடத்தில் எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்ற குறிப்பு, இரண்டையும் அனுப்புங்கள். எக்ஸ்ட்ராக்டர் எந்த மூலையில் வர வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.